கூடிக் காக்கும் கலை

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை செல்லும் வீதியை விட்டு விலகி, தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து வளைந்து மேலேறும் தோட்டப் பாதையின் முடிவிலுள்ள லயன் ஒன்றில், நள்ளிரவிலே பிரசவ வேதனை கண்ட பெண்ணொருத்தி வைத்தியசாலைக் கட்டிலை அடைவதற்குள் எத்தனை பேருடைய கைகளைக் கடந்து செல்கிறாள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கர்ப்ப காலம் முழுவதும் காம்பராவுக்கே வந்து அவளைக் கவனித்த மருத்துவமாது, தோட்டத்து மருந்தகத்தை நடத்தும் மருத்துவ உதவியாளர், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தபோது மறுமுனையில் விவரம் கேட்டவர், மூடுபனிக்குள் அம்புலன்ஸைச் செலுத்தும் சாரதி, அதனுள்ளே அவளருகில் அமர்ந்து நாடி பார்க்கும் அவசர சிகிச்சை உத்தியோகத்தர், வாசலில் தள்ளுவண்டியோடு காத்துநிற்கும் சிற்றூழியர், பிரசவ அறையின் தாதி, அண்மையிலேதான் பட்டம் பெற்று வந்த பயிற்சி வைத்தியர், இரத்த வங்கியில் இருப்பவர், மருந்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர், இறுதியாக மகப்பேற்று நிபுணர் என்று அந்த வரிசை நீண்டு செல்கின்றது.

இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வித்தையை முறையாகக் கற்றவர்கள். பரீட்சை எழுதித் தேறியவர்கள். ஆயினும் ஒருவர் தொடங்கிய காரியத்தை மற்றவர் தொடர்வது எப்படி, ஒருவர் கண்ட அபாயத்தை மற்றவருக்குச் சொல்வது எப்படி, ஒருவர் தவறப்போகும் கணத்தில் மற்றவர் தடுப்பது எப்படி என்பவற்றை அவர்களுக்கு யார், எங்கே கற்பித்தார்கள் என்று கேட்டால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. அனுபவம் கற்பிக்கும் என்று சொல்லி அமைதியடைந்துவிடுகிறோம். அனுபவம் கற்பிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த உபாத்தியாயர் வாங்கும் தட்சிணை சில வேளைகளில் ஒரு நோயாளியின் உயிராகவே இருந்துவிடுகிறது. அதைக் கொடாமலே அந்தப் பாடத்தைப் படிப்பதற்கு வைத்தியக் கல்வி கண்ட மார்க்கந்தான், சிமியுலேஷன் என்று மேனாட்டார் வழங்கும் பாவனைப் பயிற்சி. மெய்யான நோயாளிக்குப் பதிலாக ஒரு பொம்மையையோ, நோயாளியாக நடிக்கும் ஒருவரையோ வைத்து, வைத்தியம், தாதியம், மருந்தாண்மை, மருத்துவமாதுப் பயிற்சி முதலிய பல துறை மாணவர்கள் ஒரே அறையில் ஒன்றாக நின்று, ஓர் ஆபத்து வேளையைச் சமாளித்துப் பார்ப்பதே அதன் சாரம்.

சிகிச்சை என்பது தனியொருவர் செயல் அன்று என்ற எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவன் என்று நான்கு உறுப்புகளை எண்ணி, அந்த நான்கும் சேர்ந்ததையே மருத்துவம் என்கிறார். ஆயுர்வேத நூல்களும் இந்த நான்கு பாதங்களைச் சொல்லுகின்றன. இவற்றுள் அருகிருந்து பணிசெய்பவனை வைத்தியனோடு ஒரே கணக்கிற் சேர்த்ததும், நோயாளியையும் அக்கணக்கிலிருந்து விலக்காததும் கவனித்தற்குரியவை. அந்த நான்காம் உறுப்பு இன்றைய வைத்தியசாலையிலே பத்தாகவும் பதினைந்தாகவும் பெருகியிருக்க, அவர்களைப் பிரித்து வைத்துப் படிப்பிக்கும் வழக்கம் மட்டும் மாறாமல் இருந்துவருகிறது.

மலையகத்துக்கு அண்மையிலுள்ள பெரிய வைத்தியக் கல்விப் பீடம் பேராதனையில் இருக்கிறது. 1870இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரிக்குப் பின்னர், இலங்கையின் இரண்டாவது வைத்திய பீடமாக 1962இல் அது எழுந்தது. பல் வைத்திய பீடமும், தாதியம், மருந்தாண்மை, இயன்மருத்துவம், கதிர்ப்படவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றைக் கற்பிக்கும் இணைச் சுகாதார விஞ்ஞான பீடமும், போதனா வைத்தியசாலையும் அதே சூழலில் உள்ளன. இவற்றுக்குப் புறம்பாக, தாதியர்க்கு மூன்றாண்டு டிப்ளோமாப் பயிற்சி அளிக்கும் சுகாதார அமைச்சின் பயிற்சிப் பாடசாலைகள் வேறிடங்களில் இயங்குகின்றன. ஒவ்வொரு துறைக்கும் தனிப் பாடத்திட்டம், தனி ஆசிரியர், தனிச் சீருடை, தனிப் பரீட்சை. இந்தப் பிரிவினை ஓரளவுக்கு இன்றியமையாதது. தாதியின் நுட்பத்தையும் மருந்தாளரின் நுட்பத்தையும் குழப்பிக் கற்பித்தால் இரண்டும் கெடும். ஆனால் நான்கைந்து ஆண்டுகள் அடுத்தடுத்த கட்டிடங்களிற் படித்தவர்கள், ஒருவர் தொழிலை மற்றவர் அறியாமலே வெளியேறி, பின்பு நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ ஓர் அபாய வேளையில் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நியாயமான ஏற்பாடாகத் தோன்றவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் இந்தக் குறையை 1988இல் வெளியிட்ட அறிக்கையொன்றிலேயே எடுத்துக்காட்டி, சேர்ந்து உழைக்கவேண்டியவர்கள் சேர்ந்தே கற்கவேண்டும் என்று வற்புறுத்தியது. 2010இல் அதற்கான விரிவான செயற்சட்டகத்தையும் வெளியிட்டது. சுவீடன் தேசத்து லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986 முதலே பல துறை மாணவர்களுக்குப் பொதுப் பாடங்களை வகுத்ததோடு, 1996இல் ஒரு வார்ட்டையே மாணவர் குழுக்களின் பொறுப்பில், ஆசிரியர்களின் மேற்பார்வையோடு, ஒப்படைத்துப் பார்த்தது. மெய்யான நோயாளிகளை இவ்வாறு ஒப்படைப்பதற்கு முன் மாணவர்கள் தங்களுக்குள் கூடிப் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் பாவனைப் பயிற்சி தருகின்றது.

பாவனையால் வைத்தியம் பழகும் முறைக்கு வயது அதிகம். சுசுருதர் பெயரால் வழங்கும் சம்ஹிதையிலே, சஸ்திர வைத்தியம் பயில வருகிற மாணவன் எத்தனை சாஸ்திரங்களைக் கேட்டிருந்தாலும் கைப்பழக்கம் இல்லாவிடில் காரியத்துக்கு உதவான் என்று சொல்லி, அப்பழக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிற் கீறிப் பழகுவதும், தாமரைத் தண்டிலே இரத்தக்குழாயைத் துளைக்கப் பழகுவதும், துணியின் ஓரங்களில் தையலிடப் பழகுவதும், மனித உருவாகச் செய்த பொம்மையின் அங்கங்களிற் கட்டுப் போடப் பழகுவதும் அங்கே வரிசையாக விதிக்கப்பட்டுள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்ஸில் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவமாது, துணியாலும் தோலாலும் பஞ்சாலும் பிரசவப் பொம்மையொன்றைச் செய்து, பதினைந்தாம் லூயி மன்னனின் 1759ஆம் ஆண்டு ஆணையைப் பெற்று ஊர் ஊராகச் சென்று, ஏறக்குறைய ஐயாயிரம் கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்பித்தாள். இரத்தப்பெருக்கைக் காட்டுவதற்கு நிறநீர் தோய்த்த கடற்பஞ்சையும் அவள் அப்பொம்மைக்குள் அமைத்திருந்தாள். 1960இல் நோர்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் அஸ்முண்ட் லார்டல் செய்த பயிற்சிப் பொம்மை, நின்ற சுவாசத்தை மீட்டெடுக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. 1963இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹொவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர், ஆரோக்கியமான ஒருவருக்கு நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து, அவரைக் கொண்டு மாணவர்களைச் சோதித்தார்.

இவை யாவும் தனி மாணவனின் கைத்திறனையோ பேச்சுத்திறனையோ வளர்த்தவை. குழுவையே மாணவனாகக் கொள்ளும் எண்ணம் விமானத்துறையிலிருந்து வந்தது. 1977 மார்ச் 27ஆம் திகதி, கனரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃபின் விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். அவற்றுள் ஒன்றில், வானொலியில் கேட்ட பேச்சினாற் சந்தேகங்கொண்ட பறப்புப் பொறியியலாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு நீங்கவில்லையா என்று கேட்டார். அத்துறையிற் பெரும் மதிப்புப் பெற்றிருந்த தலைமை விமானி, நீங்கிவிட்டதென்று அழுத்தமாகச் சொன்னார். கேட்டவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்தவர்கள், இயந்திரக் கோளாற்றைக் காட்டிலும் விமானி அறைக்குள் மனிதர் பேசிக்கொண்ட முறையிலுள்ள கோளாறே பலமுறை மரணத்தை விளைவித்தது என்று கண்டு, 1980களின் தொடக்கம் முதல் விமானிகளுக்குக் கூட்டுப் பயிற்சி அளித்துவந்தனர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மயக்க மருந்து வைத்தியர் டேவிட் கபா, அதே பத்தாண்டின் பிற்பகுதியில் அந்த முறையைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அது தேவைதானா என்று ஐயுறுவோர்க்கு, இங்கிலாந்தில் 2005இல் நடந்த ஒரு துயரம் விடையாகும். சாதாரணமான சத்திரசிகிச்சைக்கு வந்த இளந்தாய் ஒருத்திக்கு மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுவழி அடைபட்டது. நீண்ட அனுபவமுடைய வைத்தியர்கள் வாய்வழியே குழாய் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டேயிருக்க, நிமிடங்கள் கழிந்தன. கழுத்திலே துளையிட்டு மூச்சுவழி அமைப்பதற்கான கருவிகளை ஒரு தாதி கொண்டுவந்து, அவை தயாராக இருப்பதாகச் சொன்னாள்; அவள் சொன்னது எவர் மனத்திலும் பதியவில்லை. செய்யவேண்டியது இன்னதென்று அங்கிருந்த தாதியர் சிலருக்குத் தெரிந்திருந்தது; அதை எப்படி எடுத்துச் சொல்வதென்று தெரியவில்லை. அப்பெண் சில நாட்களில் இறந்தாள். விமானியாகிய அவள் கணவர், யாரையும் தண்டிக்கும்படி கேளாமல், இது ஏன் நிகழ்ந்தது என்பதை எல்லோரும் அறியவேண்டுமென்று வாதாடி, பிரித்தானிய வைத்திய உலகம் இவ்விஷயத்தைச் சிந்திக்கும்படி செய்தார்.

இனி, இப்பயிற்சி நடக்கும் விதத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். டிக்கோயாவைப் போன்ற ஒரு மலையக வைத்தியசாலையின் பிரசவ வார்ட்டில், வெறுமையாயிருக்கும் ஒரு மூலையை எண்ணிக்கொள்ளுங்கள். இறுதியாண்டு வைத்திய மாணவன் ஒருவன், தாதி மாணவியர் இருவர், மருத்துவமாதுப் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தி, மருந்தாண்மை மாணவன் ஒருவன், வார்ட்டின் சிற்றூழியர் ஒருவர் ஆகியோர் அங்கே கூடியிருக்கிறார்கள். கட்டிலிலே படுத்திருப்பவள் தோட்டத்திலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண்; குழந்தை பெற்ற தாயாக நடிப்பதற்குப் பழக்கப்பட்டவள். அவள் உடைக்குள்ளே சிவப்பு நீர் நிரம்பிய பையொன்று இருக்கிறது. அதன் குழாயை எவ்வளவு திறப்பதென்பது அவள் கையிலேயே இருக்கிறது.

பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்பெருக்கை இப்பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நிறைமாதத்திலே நிமிடத்துக்கு அரை லீட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கருப்பையை நோக்கி ஓடுகின்றது. குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை அடைத்துவிடவேண்டும்; சுருங்காவிடில், சில நிமிடங்களுக்குள்ளேயே தாயின் நிலை கைமீறிப் போகும். அரை லீட்டருக்கு மேல் இரத்தம் போனாலே அது இரத்தப்பெருக்கு எனக் கொள்ளப்படுகிறது; முன்னமே இரத்தச் சோகையுள்ள தாய்க்கோ அதைவிடக் குறைந்த இழப்பும் தாங்கமுடியாததாகலாம். வயிற்றின்மீது கைவைத்துக் கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்தல், ஒக்ஸிடோசின் ஊசி, இரத்த நாளத்திற் குழாய் ஏற்றுதல், இரத்தம் வருவித்தல், சிறுநீர்ப்பையை வெறுமையாக்குதல், ட்ரனெக்ஸமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தல் என்று பல காரியங்கள் ஏககாலத்தில் நடைபெறவேண்டும். 21 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆராய்ச்சி, இறுதியிற் சொன்ன மருந்து விரைவிற் கொடுக்கப்பட்டால் இரத்தப்பெருக்கால் நேரும் மரணம் குறையும் என்று காட்டியது. இத்தனையும் தெரிந்த ஒருவர் தனியாக நின்றால் ஒன்றும் ஆகாது. ஆறு பேர் நின்றும் ஒருவரோடொருவர் பேசாவிட்டால் அப்போதும் ஆகாது.

பயிற்சி தொடங்குமுன் ஆசிரியை சில விதிகளைச் சொல்கிறாள். இங்கே நடப்பது வெளியே பேசப்படமாட்டாது, இங்கே வந்திருக்கும் எல்லோரும் புத்தியுள்ளவர்கள், தம்மால் இயன்றதைச் செய்யவே முயல்கிறவர்கள் என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம், இது பரீட்சையன்று. பின்பு ஆபத்து ஆரம்பமாகிறது. “மிஸ், தல சுத்துது... கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்கிறாள் கட்டிலிலிருப்பவள். வைத்திய மாணவன் விரைந்து வந்து, தானே ஊசிக்குழாய் ஏற்ற முனைந்து, நாளம் அகப்படாமல் குனிந்தபடியே நிற்கிறான். மருத்துவமாது மாணவி துணியைத் தூக்கிப் பார்த்து, “நிறையப் போகுது” என்று மெல்லிய குரலிற் சொல்கிறாள். தாதி மாணவியர் இருவரும் ஒரே மருந்தை எடுக்க ஒரே அலுமாரிக்குப் போகிறார்கள். ஒக்ஸிடோசின் குளிரூட்டியில் இருக்கிறது. குளிரூட்டியின் திறப்பு யாரிடம் இருக்கிறதென்பது சிற்றூழியருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்திற் பயிற்சி நிறுத்தப்படுகிறது.

அதன்பிறகு நிகழும் உரையாடலே இந்த வித்தையின் உயிர்நிலை. பயிற்சிக்கு எடுத்த நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் அதற்கு ஒதுக்குவார்கள். ஆசிரியை குற்றம் சொல்வதில்லை, கேட்கிறாள். “நிறையப் போகுது என்று சொன்னபோது யாருக்குச் சொன்னீர்கள், தங்கச்சி?” என்று அவள் மருத்துவமாது மாணவியைக் கேட்க, “எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னேன், மிஸ்” என்கிறாள் அவள். பொதுவாகச் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை என்பதைப் படம்பிடித்த கருவி காட்டுகிறது. “அந்த நேரம் உங்கள் கண் எங்கே இருந்தது?” என்று வைத்திய மாணவனைக் கேட்க, “ஊசி ஏத்துற கையில, மிஸ்” என்று அவன் சொல்லும்போதே, ஒரு கையைப் பார்த்துக்கொண்டு முழு நோயாளியையும் இழந்துவிட்டதை அவனாகவே உணர்கிறான். கட்டிலிலிருந்து எழுந்து அமர்ந்த பெண், தன்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொல்கிறாள். அதுவும் பாடத்தின் ஒரு பகுதியாகிறது.

அந்த உரையாடலிலிருந்து சில வழக்கங்கள் பிறக்கின்றன. பெயர் சொல்லி அழைத்து வேலையை ஒப்படைத்தல். ஏற்றவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, முடித்ததும் முடித்தேன் என்று அறிவித்தல். தலைமை தாங்குபவர் கையை ஓய்வாக வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்று யாவற்றையும் பார்த்தல். ஒருவர் நேரத்தைக் குறித்து உரத்துச் சொல்லுதல். நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும்போது இப்போதைய நிலை, முன்நடந்தது, நமது கணிப்பு, நாம் வேண்டுவது என்ற நான்கையும் அதே ஒழுங்கிற் சொல்லுதல். இவற்றையெல்லாம் மனத்திலிருத்தி அதே ஆபத்தை இரண்டாம் முறை நடத்தும்போது, அதே ஆறு பேர் வேறு ஆறு பேராகத் தோன்றுவர்.

இவ்வழக்கங்களுள் கற்பிக்க மிகவும் அரிதானது ஒன்றுண்டு. கீழுள்ளவர் மேலுள்ளவரைத் தடுத்துப் பேசுதல். அமெரிக்க அரசு 2006இல் வெளியிட்ட குழுப்பயிற்சித் திட்டத்திலே, அபாயத்தைக் கண்டவர் அதை இரண்டு முறையாவது சொல்லவேண்டும் என்பது விதியாகவே வைக்கப்பட்டது. எந்த நாட்டிலும் கடினமான இந்தப் பாடம், மலையகத்திலே இன்னும் கடினமாவதற்குச் சரித்திரம் காரணமாயிருக்கிறது. பெருந்தோட்டம் என்பது கட்டளையின்மீது எழுப்பப்பட்ட ஸ்தாபனம். துரை, சின்னத்துரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி, அதன்பின் தொழிலாளி என்று படிப்படியாக அமைந்த அதிகாரத்தில், சொல் மேலிருந்து கீழே இறங்கிற்றேயன்றிக் கீழிருந்து மேலே ஏறியதில்லை. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று சட்டம் இயற்றப்பட்டபோதும், நோயாளியின் கதி பெரும்பாலும் தோட்ட முகாமையின் மனப்போக்கையே சார்ந்திருந்தது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டு, பின்னர் அவற்றின் வைத்திய வசதிகள் படிப்படியாக அரச சேவையோடு இணையத் தொடங்கியபோது, அந்தப் பழைய படிக்கட்டின் மேற்படியிலே வைத்தியரும் ஓர் ஐயாவாக ஏறி நின்றார்.

இந்தச் சூழலிலே வளர்ந்த மாணவி ஒருத்தி, பெற்றோர் கொழுந்து பறித்துப் படிக்கவைக்க, தாதியாகவோ மருத்துவமாதாகவோ பயிற்சிக்கு வருகிறாள். பெரியவர் முன் குரலெழுப்பாதிருப்பதே விநயம் என்று அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்த விநயம் வீட்டுக்கு அழகு. இரத்தம் பெருகும் கட்டிலருகே அது அபாயம். பேசு என்று அவளுக்கு உபதேசித்தால் மட்டும் போதாது; பேசியபின் ஒன்றும் நேராது என்பதை அவள் பிரத்தியட்சமாகக் காணவேண்டும். அதைப் பார்க்கிலும் முக்கியம், மேலே நிற்பவர் கேட்டு நிற்கப் பழகுவது. பாவனைப் பயிற்சியிலே வைத்திய மாணவன் தாதியின் இடத்திலும், தாதி மாணவி தலைமையிடத்திலும் மாறி நிற்பது இதற்காகவே. மாசி மாதத்திலே தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில், பகலெல்லாம் மலையில் வேலைசெய்தவன் இரவிலே சிவனாக வேஷங்கட்டி நிற்க, ஊரே அவனைச் சிவனென்று வணங்கும். வேஷத்தால் மனிதனின் நிலை சில நாழிகைகளுக்கு மாறுவதை அறிந்த மக்களுக்கு, இந்தப் பயிற்சியின் தத்துவம் அந்நியமாக இராது.

பாஷைப் பிரச்சினையும் இங்கே தனித்து நிற்கின்றது. நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். வைத்தியசாலைகளில் உத்தியோகம் பார்ப்போரிற் பலர் சிங்களம் பேசுவோர். மருந்துக் குறிப்போ ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. நோயாளி ஒரு பாஷையிற் சொன்னதை, இன்னொரு பாஷையில் விசாரித்து, மூன்றாவது பாஷையில் எழுதும்போது, நடுவிலே நின்று பொருளைச் சேர்ப்பவர் பெரும்பாலும் பதவியில் மிகத் தாழ்ந்த சிற்றூழியராயிருக்கிறார். ஆகவே மலையகத்தில் நடத்தும் பயிற்சியில், நோயாளியாக நடிப்பவள் தோட்டத்துத் தமிழிலேயே பேசவேண்டும். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே குழுவில் நிற்கவேண்டும். சிற்றூழியர் பார்வையாளராக இராமல் குழுவின் அங்கத்தினராக இருக்கவேண்டும். பேராதனையின் பயிற்சிக்கூடத்தில் மட்டும் நடத்தினால், இந்தப் பாடத்தின் சரிபாதி தவறிப்போகும்.

இவ்விஷயத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து சவுத்மீட் வைத்தியசாலையின் அனுபவம் படிப்பினையானது. அங்கே 2000ஆம் ஆண்டு தொடக்கம், பிரசவப் பிரிவைச் சேர்ந்த மருத்துவமாதர், வைத்தியர், மயக்க மருந்து வல்லுநர் அனைவரும் தங்கள் சொந்த வைத்தியசாலையிலேயே வருடந்தோறும் ஒன்றாக அவசரநிலைப் பயிற்சி செய்தனர். பிறக்கும்போது பிராணவாயு குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தொகை, 10,000 பிறப்புகளுக்கு ஏறக்குறைய 27இலிருந்து 14ஆகக் குறைந்ததென்று 2006இல் அவர்கள் அறிவித்தனர். தோள் அகப்பட்டுக்கொண்ட பிரசவங்களிற் காயமுற்ற குழந்தைகள் நூற்றுக்கு 9.3இலிருந்து 2.3 ஆயினர் என்று 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. அமெரிக்காவிலே முன்னாட் படைவீரர்க்கான வைத்தியசாலைகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, சத்திரசிகிச்சைக் குழுக்களுக்குக் கூட்டுப் பயிற்சி அளித்த 74 நிலையங்களில் மரண வீதம் நூற்றுக்கு 18 குறைய, பயிற்சி பெறாதவற்றில் 7 மட்டுமே குறைந்தது. இந்தப் பயன்களை விலையுயர்ந்த பொம்மைகள் விளைவிக்கவில்லை. ஒன்றாக வேலைசெய்பவர்கள் தாங்கள் வேலைசெய்யும் இடத்திலேயே ஒன்றாகப் பழகியது விளைவித்தது.

அந்த இடங்கள் நம்மிடமும் இருக்கின்றன. இந்தியாவின் உதவியோடு 150 படுக்கைகளுடன் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அன்று நோர்வூட்டிலே பேசியபோதுதான், 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளுடன் ஆரம்பமான 1990 ‘சுவ செரிய’ அம்புலன்ஸ் சேவை எல்லா மாகாணங்களுக்கும் விரிவாகும் என்று அவர் அறிவித்தார். அச்சேவையிலே ஒவ்வொரு வண்டியும் இருவர் கொண்ட ஒரு குழு. பயிற்சி பெற்ற அவசர சிகிச்சை உத்தியோகத்தர் ஒருவர், சாரதி ஒருவர். குறுகலான தோட்டப் பாதையில் வண்டி குலுங்கும்போது ஒருவர் நோயாளியையும் ஒருவர் வீதியையும் பார்த்துக்கொண்டே இடைவிடாது பேசவேண்டிய தொழில் அது. வைத்திய மாணவனும் தாதி மாணவியும் ஒரு நாளேனும் அந்த இருவரோடு சேர்ந்து, நோயாளியை வாசலில் ஒப்படைப்பதையும் ஏற்பதையும் பழகுவார்களாயின், புத்தகத்திற் காணாத பலவற்றைக் காண்பார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களும் அற்பமானவையல்ல. ஆளணி குறைந்த வைத்தியசாலையில், பயிற்சிக்குப் போனவர்களின் நோயாளிகளை யார் பார்ப்பது? முறை மாறும் வேளையில், இருபது நிமிடத்துக்குள் முடியும் சிறு பயிற்சிகளை நடத்துவதே இதற்குப் பரிகாரம். பாவனை எவ்வளவு செம்மையாயிருந்தாலும் மெய்யான மரண பயத்தை உண்டாக்காது என்பதும் உண்மையே. அன்றியும், மாணவரை அவமானப்படுத்தும் ஆசிரியர் கையில் இப்பயிற்சி அகப்பட்டால், அவர்கள் பேசக் கற்பதற்குப் பதிலாக மௌனத்தை இன்னும் ஆழமாகக் கற்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய ஆட்சேபம் வேறு. ஒற்றுமையாய் உழையுங்கள் என்ற உபதேசம், இரத்தம் இல்லாத இரத்த வங்கிக்கும், மழைக்கு இடிந்து விழும் பாதைக்கும், நிரப்பப்படாத பதவிகளுக்கும் சமாதானமாகிவிடக்கூடாது. உண்மையில் இப்பயிற்சி அக்குறைகளை மறைப்பதில்லை. பூட்டிய குளிரூட்டியையும் வேலைசெய்யாத தொலைபேசியையும் நோயாளி வருமுன்னரே அது வெளிப்படுத்திவிடுகிறது. அவ்வாறு வெளிப்பட்டதைத் திருத்துவது நிர்வாகத்தின் கடமை.

1940களின் நடுப்பகுதியில், இலங்கையிலே ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மைக் காலத்தில் அது முப்பதை ஒட்டிய தொகையாக இறங்கியிருக்கிறது. கிராமந்தோறும் நடந்த மருத்துவமாதரும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் பெற்றுத்தந்த வெற்றி அது. எஞ்சியிருக்கும் மரணங்கள் அவ்வளவு எளிதில் இணங்கா. மருந்தும் அறிவும் ஓரிடத்தில் இருந்தும், அவை உரிய கணத்தில் ஒன்றுசேராமையால் நேர்பவை அவற்றுட் சில. அவற்றைக் குறைப்பதற்குரிய கல்வி வேறு வகையானது. அந்தக் கல்வி நிலைபெறவேண்டுமாயின் பரீட்சை மாறவேண்டும். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரிலே ரொனால்ட் ஹார்டன் வகுத்த செய்முறைப் பரீட்சை இன்று நம் வைத்திய பீடங்களிலும் வழக்கத்தில் இருக்கிறது. மாணவன் மேசைக்கு மேசை மாறிச்சென்று, ஒவ்வொன்றிலும் தனியாகத் தன் திறமையைக் காட்டுகிறான். அந்த மேசைகளில் ஒன்றிலேனும் பல துறை மாணவர்கள் குழுவாக நின்று ஓர் ஆபத்தைக் கையாளட்டும். தவறான அளவிலே மருந்து கொடுக்கப்படப்போவதை இரண்டாம் முறையும் எடுத்துச் சொன்ன தாதி மாணவிக்கும், சொன்னதைக் கேட்டுக் கையை நிறுத்திய வைத்திய மாணவனுக்கும் ஒரே தாளில் புள்ளி விழட்டும். எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதையே மாணவர் கற்பர் என்பது எல்லா ஆசிரியரும் அறிந்தது; கூடிக் காப்பதற்குப் புள்ளி கொடுக்காத கல்வி, அதை மாணவர் கற்கவில்லையே என்று பின்னர் வருந்துவதற்கு உரிமையில்லாதது.